நான்கு மரப்பெட்டிகளும் மெட்டு மழையும்

1908-லிருந்து 1927 வரை ஃபோர்டு நிறுவனம் ஒன்றரைக் கோடி மாடல் டி கார்களைச் செய்தது. பட்டை உடைஞ்சா, போல்ட் கழன்றா கண்ணுக்குத் தெரியும். ஒரு நல்ல கொல்லரே சரி பண்ணிடலாம். கரண்ட் சமாச்சாரம் அப்படி இல்லை. பார்க்க எல்லாம் ஒழுங்கா இருக்கும், வண்டி மட்டும் கிளம்பாது.

அதோட ஃப்ளைவீலில் 16 காந்தங்கள். அவை சுழலும்போது குறைந்த அழுத்த மின்சாரம் பிறக்கும். அதைப் பொறிக்குத் தேவையான பல ஆயிரம் வோல்ட்டாக மாற்ற சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு காயில்கள். ஒவ்வொன்றும் ஒரு சின்ன மரப்பெட்டிக்குள். உள்ளே அதிரும் பாயிண்ட், மெழுகுத்தாளும் உலோகத்தாளும் சுருட்டிய கண்டன்சர். பாயிண்ட் திறக்கும்போது அங்கே தீப்பொறி பறக்காமல் காப்பது கண்டன்சரின் வேலை. அது பலவீனமானால் பாயிண்ட் கருகும், பிளக்கில் பொறி சோர்ந்துபோகும்.

சிக்கல் மரத்தில்தான். ஈரம் குடித்த மரம் மின்சாரத்தைக் கசியவிடும். பல ஆயிரம் வோல்ட்டுக்கு அந்த வழியே போதும். பிளக்குக்குப் போக வேண்டியது பெட்டி வழியா ஓடிடும், இன்ஜின் மிஸ்ஸிங் ஆகும்.

இதை நம்ம ஊரில் வைத்து யோசித்துப் பாருங்க. போடி மழைமறைவுப் பக்கம், காய்ந்த ஊர். 17 கொண்டை ஊசி வளைவு ஏறினால் சுமார் 4500 அடியில் போடி மெட்டு. பருவமழையில் நாள் கணக்கா மேகமும் சாரலும். அப்படி ஒரு வண்டி அங்கே ராத்திரி முழுக்க நின்றால் காலையில் முரண்டு பிடிக்கும். கீழே கொண்டுவந்து ரெண்டு நாள் வெயிலில் போட்டால் பழுதே காணாமல் போயிடும். மெக்கானிக் எதைப் பார்ப்பார்? எங்க சாஃப்ட்வேர் தொழிலிலும் மிக மோசமான பக் இதுதான்: தேடும்போது மட்டும் வராதது.

மருந்து காயிலைக் காய வைப்பதுதான். பச்சை ஏலக்காயை ஸ்டோரில் காயப்போடாமல் மூட்டை கட்டினால் என்ன ஆகும்னு தெரிந்த ஊருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

விளக்கு இன்னும் ஆபத்து. 1915-ல் வந்த மின்சார ஹெட்லைட்டுக்கும் அதே காந்தங்கள்தான் கரண்ட் கொடுத்தன, பேட்டரி கிடையாது. இன்ஜின் வேகம் குறைந்தால் வெளிச்சமும் மங்கும். அதாவது, வளைவில் மெதுவாகும் நேரத்தில் இருட்டு. இன்ஜினை முறுக்கினால் பல்பு எரிந்துபோகலாம். ரெண்டு பல்பும் ஒரே தொடரில் இணைந்தவை. ஒன்று போனால் மற்றதும் அணையும்.

பின்னால் பேக்கலைட் வந்தது, மூடி அடைத்த காயில் வந்தது, மரம் விடைபெற்றது. பாயிண்டும் கண்டன்சரும் மட்டும் அம்பாசிடர் காலம் வரை விடவில்லை. உப்புத்தாளால் பாயிண்ட் தேய்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்காங்க.

இன்று காலையில் ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப் போகும் டீசல் ஜீப்பைப் பாருங்க. டீசல் இன்ஜினில் காற்றை அழுத்தும் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். பிளக் பொறி இல்லை, காயில் இல்லை, பாயிண்ட் இல்லை. டீசலுக்கு மாறியது செலவு மிச்சம் பார்த்துதான். ஆனால் மெட்டு மழைக்கும் அதுவே விடையாகிப் போச்சு. இல்லாத பாகம் நனையாது.