அப்டேட் முடிஞ்சது, ஃபைல்கள் எங்கே?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அதிலிருந்து என் நண்பர்கள், உறவினர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "11-க்கு மாறிடலாமா? மாறும்போது பாதியில நின்னுட்டா என்ன பண்றது?"

நியாயமான பயம்தான். ஆனால் கொஞ்சம் வரலாறு பார்த்தால், நாம் தப்பான விஷயத்துக்குப் பயப்படுகிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. பாதியில் நின்றுபோய், எரர் காட்டி, பழைய நிலைக்கே திரும்பிப் போகிற அப்கிரேட் பெரும்பாலும் உங்கள் ஃபைல்களை ஒன்றும் செய்வதில்லை. "எல்லாம் வெற்றிகரமா முடிஞ்சது"ன்னு சிரித்த முகத்தோடு வந்து நிற்குமே, அதுதான் ஒருமுறை பெரிய சேதத்தைச் செய்தது. இன்றைய எபிசோட் அந்தக் கதைதான்.

அதுக்கு முன்னாடி என் கதை ஒன்று. நான் ஸ்கூல் படிக்கும்போது எங்கள் வீட்டு ஹாலில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். ஒரு சனிக்கிழமை யாரையும் கேட்காமல் நானே அப்கிரேட் போட ஆரம்பித்தேன். ரொம்ப நேரம் ஒரே சதவீதத்தில் நின்றது. பொறுமை இல்லாமல் சுவரில் இருந்த ஸ்விட்சை அணைத்துவிட்டேன். அதுக்கப்புறம் அது ஆன் ஆகவே இல்லை. தூக்கிக்கொண்டு சர்வீஸ் கடைக்குப் போனோம். அந்த அண்ணன் கேட்டது ஒரே கேள்வி: "ஃபார்மட் அடிக்கணும். உள்ள முக்கியமா எதும் இருக்காடே?" நான் யோசிக்கவே இல்லை. "எல்லாம் கேம்தான் அண்ணே"ன்னு சொல்லிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அம்மா வந்து, ஆச்சியோட கடைசிப் பொங்கல் போட்டோவை எடுத்துக் கொடுன்னு கேட்டாங்க. அது அந்த கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தது.

கடைக்கார அண்ணன் மேல் தப்பே கிடையாது. அவர் கேட்டார், நான்தான் தப்பாகச் சொன்னேன். அந்தக் கேள்வியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் மறுபடியும் அதுக்கு வருவோம்.

ஸ்விட்சை அணைப்பதே வைத்தியமாக இருந்த காலம்

1995 ஆகஸ்ட் 24. விண்டோஸ் 95 வெளியான நாள். சிடி டிரைவ் இல்லாதவர்களுக்கு அது 13 ஃபிளாப்பிகளில் வந்தது. ஒவ்வொன்றாகப் போட்டு எடுக்க வேண்டும். ஏழாவது ஃபிளாப்பியில் ஒரு கீறல் இருந்தால் அவ்வளவுதான்.

அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. அன்றைய வீட்டுக் கம்ப்யூட்டரில் சவுண்ட் கார்டு ஒரு கம்பெனி, மோடம் இன்னொரு கம்பெனி. எந்தப் பாகம் எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளச் சரியான வழி எல்லாப் பாகங்களிலும் கிடையாது. அதனால் இன்ஸ்டாலர் ஒவ்வொரு பாகத்தையும் தட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கும். சில பாகங்களைத் தட்டினால் மொத்த மெஷினும் உறைந்து போய்விடும்.

இதை விண்டோஸ் 95 சமாளித்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒவ்வொரு தட்டலுக்கும் முன்னால் "இப்போ இதைச் செய்யப் போறேன்"ன்னு டிஸ்க்கில் ஒரு சின்ன ஃபைலில் எழுதி வைத்துவிடும். டெட்கிராஷ் என்பது அந்த ஃபைலின் பெயர். மெஷின் உறைந்தால் என்ன செய்ய வேண்டும்? முழுசா ஸ்விட்சை அணைத்துவிட்டு மறுபடி போட வேண்டும். இன்ஸ்டாலர் எழுந்ததும் அந்த ஃபைலைப் படிக்கும். "ஓ, இந்தப் படியில்தான் விழுந்தோமா"ன்னு புரிந்துகொண்டு, அதை மட்டும் தாண்டிப் போகும்.

தோல்வி வரும் என்று முன்கூட்டியே ஒத்துக்கொண்டு எழுதிய கோட் அது. நான் ஸ்விட்சை அணைத்தபோது இருந்த நிலைமை வேறு. அந்த அப்கிரேட் டிஸ்க்கில் ஃபைல்களை இடம் மாற்றிக்கொண்டிருந்தது.

பழைய வீட்டை இடிக்காமல் புது வீடு

ஆரம்ப கால அப்கிரேட் என்பது குடியிருக்கும் வீட்டிலேயே மராமத்து வேலை பார்ப்பது மாதிரி. பழைய சிஸ்டம் ஃபைல்கள் மேலேயே புதுசை எழுதும். பாதியில் கரண்ட் போனால் பாதி பழசு, பாதி புதுசு. பொதுமக்களுக்கு 2007 ஜனவரியில் வந்த விஸ்டாவில் அணுகுமுறை மாறியது. முழு சிஸ்டமும் ஒரே தொகுப்பாக வரும், அதை அப்படியே விரித்துவிட்டு, உங்கள் சாமான்களைப் புது இடத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும்.

விண்டோஸ் 10-இல் இது நன்றாகவே பழுத்துவிட்டது. பழைய சிஸ்டம் "விண்டோஸ் டாட் ஓல்ட்" என்ற ஃபோல்டருக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். புதுசு சரியாக எழும்பவில்லை என்றால் பழசையே திரும்பக் கொண்டுவந்துவிடும். அப்கிரேட் முடிந்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் திரும்பிப் போகலாம். 2015-இல் அதுக்கு 30 நாள் அவகாசம் இருந்தது. 2016-இலிருந்து 10 நாள்.

ஆக, "இன்ஸ்டால் செய்ய முடியவில்லை, பழைய நிலைக்குத் திரும்புகிறோம்" என்று திரையில் வந்தால், பாதுகாப்பு ஏற்பாடு வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம்.

அந்த எரர் நம்பர் சொல்வது என்ன?

2015-இல் விண்டோஸ் 10 வந்த புதிதில் சிலருக்கு "ஏதோ நடந்துவிட்டது" என்று மட்டும் ஒரு செய்தி வந்தது. அவ்வளவுதான், வேறு விவரமே கிடையாது. இணையம் முழுக்கக் கிண்டல் செய்தார்கள்.

ஆனால் வழக்கமாக வரும் எரர் கோடில் விஷயம் இருக்கிறது. உதாரணத்துக்கு, சீரோ எக்ஸ் சி 1900101, அதன் பின்னால் ஒரு கோடு போட்டு சீரோ எக்ஸ் 20017. முதல் பாதி என்ன பிரச்சினை என்று சொல்லும். இந்த 1900101 வந்தால் பெரும்பாலும் டிரைவர் கோளாறு. இரண்டாம் பாதியின் முதல் இலக்கம் எந்தக் கட்டத்தில் விழுந்தது என்று சொல்லும். 1 என்றால் பழைய விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே. 2 என்றால் நடுவில் வரும் சின்ன, தற்காலிக சிஸ்டத்தில். 3 என்றால் புது சிஸ்டம் முதன்முறை எழும்போது. 4 என்றால் இரண்டாம் முறை எழும்போது.

அப்போ 20017-க்கு என்ன செய்யலாம்? பிரிண்டர், பென் டிரைவ், வெப்கேம், எக்ஸ்டர்னல் டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றுங்கள். கீபோர்டும் மவுஸும் போதும். பழைய டிரைவர்களைப் புதுப்பித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். கூடவே சி டிரைவில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். சதவீதம் நகரவில்லை என்றாலும் டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் கையைக் கட்டிக்கொண்டு காத்திருங்கள். இதை எனக்கு அன்று யாராவது சொல்லியிருக்கலாம்.

2018 அக்டோபர்

இப்போது அந்த "வெற்றிகரமான" அப்கிரேடுக்கு வருவோம்.

2018 அக்டோபர் 2-ஆம் தேதி விண்டோஸ் 10-இன் 1809 வெர்ஷன் வெளியானது. வழக்கமாக வெளியீட்டுக்கு முன்னால் கடைசிக் கட்ட சோதனைக் குழு ஒன்றுக்கு அனுப்புவார்கள். இந்த முறை அந்தக் கட்டம் இல்லாமலே வந்தது. தானாகப் போய் "அப்டேட் இருக்கா?"ன்னு தேடிப் பார்த்தவர்களுக்கு முதலில் கிடைத்தது. ஆர்வமாகப் போட்டார்கள். நிற்கவில்லை, எரர் இல்லை, புது டெஸ்க்டாப் வந்தது. சிலருக்கு மட்டும் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டரில் இருந்தவை காணவில்லை. சில நாட்களிலேயே மைக்ரோசாஃப்ட் வெளியீட்டை நிறுத்தியது.

என்ன நடந்தது? நம் ஊர் அசெம்பிள்டு கம்ப்யூட்டரிலும் இதைப் பார்க்கலாம். சி டிரைவ் சின்னது, டி டிரைவ் பெரிசு. அதனால் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை டி-க்கு மாற்றி வைப்போம். அப்போது விண்டோஸ் ஒரு கேள்வி கேட்கும்: பழைய இடத்தில் இருக்கும் ஃபைல்களையும் நகர்த்தவா? "வேண்டாம்" என்று சொன்னால், பழைய ஃபைல்கள் சி-யிலேயே இருக்கும், புதுசு டி-யில் சேரும். இரண்டு இடத்திலும் உங்கள் பொருள்.

2018 ஏப்ரலில் வந்த முந்தைய அப்டேட்டுக்குப் பிறகு, இப்படி மாற்றி வைத்திருந்த சிலர் "காலியா ஒரு டூப்ளிகேட் ஃபோல்டர் வந்து நிக்குது"ன்னு புகார் செய்தார்கள். சரி, சுத்தம் செய்துவிடலாம் என்று காலி ஃபோல்டர்களை நீக்க கோட் எழுதினார்கள். நல்ல எண்ணம்தான். அந்த மாற்றமும், அப்டேட் நடக்கும் வரிசையில் செய்த இன்னொரு மாற்றமும் சேர்ந்தபோது, பழைய இடத்து ஃபோல்டர் உள்ளே இருந்ததோடு சேர்ந்து போய்விட்டது. ஒன்டிரைவ் சம்பந்தப்பட்ட சில அமைப்புகளிலும் இதே கதி.

ஒரு இன்ஜினியராக எனக்கு வலிக்கிற இடம் இது. 1983-இல் வந்த எம்எஸ்-டாஸ் 2.0-இல் ஃபோல்டரை நீக்க ஆர்டி என்று ஒரு கட்டளை இருந்தது. உள்ளே ஒரே ஒரு ஃபைல் இருந்தாலும் "இது காலியாக இல்லை" என்று சொல்லி நீக்க மறுத்துவிடும். 35 வருஷத்துக்கு முன்னால் இருந்த அந்தத் தயக்கம் இந்த இடத்தில் இல்லாமல் போனது.

இதில் விண்டோஸ் டாட் ஓல்டும் கைகொடுக்காது. அது சிஸ்டத்தைத் திரும்பக் கொண்டுவரும் ஏற்பாடு. உங்கள் போட்டோக்களுக்கு இன்னொரு பிரதி எடுத்து வைப்பது அதன் வேலையில்லை. பாதிக்கப்பட்டவர்கள் கம்ப்யூட்டரை முடிந்தவரை பயன்படுத்தாமல் உதவிக்கு அழைக்கும்படி மைக்ரோசாஃப்ட் சொன்னது. காரணம், நீக்கிய ஃபைலின் முகவரிதான் முதலில் போகும். உள்ளடக்கம் அதே இடத்தில் வேறு எதையாவது எழுதும்வரை ஹார்டு டிஸ்க்கில் கிடக்கும். எஸ்எஸ்டியில் அந்த வாய்ப்பும் குறைவு, அது காலியான இடத்தைச் சீக்கிரமே துடைத்துவிடும்.

10,000-இல் ஒருவர்

அக்டோபர் 9-ஆம் தேதி மைக்ரோசாஃப்டின் ஜான் கேபிள் விளக்கம் கொடுத்தார். இழப்பு பற்றி வந்த புகார்கள், போட்ட இன்ஸ்டால்களில் நூறில் ஒரு சதவீதம், அதாவது 0.01 சதவீதம் என்றார். 10,000 பேருக்கு ஒருவர்.

சின்ன எண் மாதிரிதான் தெரிகிறது. ஒரு கோடி கம்ப்யூட்டருக்குப் போனால் 1,000 வீடு. இந்த எண் சின்னதாக இருந்ததுதான் கோளாறு தப்பிப் போனதற்கே காரணம். சோதனை வெர்ஷன்களை ஓட்டிய தன்னார்வலர்கள் சிலர், வெளியீட்டுக்கு முன்பே ஃபைல் காணாமல் போவதைப் புகாராகப் பதிவு செய்திருந்தார்கள். ஆனால் அந்தப் புகார்கள் முக்கியத்துவம் பெறுவது எத்தனை பேர் "எனக்கும்" என்று ஓட்டுப் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்து. ஒரு ஐகான் பிடிக்கவில்லை என்று ஆயிரம் பேர் சொன்னால் அது மேலே வரும். என் ஃபைல்கள் போச்சு என்று நாலு பேர் சொன்னால் அது அடியில் கிடக்கும்.

இதற்குப் பிறகு, பிரச்சினை எவ்வளவு கடுமையானது என்றும் குறிப்பிடும் வசதியைப் புகார் செயலியில் சேர்த்தார்கள். சரிசெய்த 1809 நவம்பர் 13-ஆம் தேதி மறுபடி வெளியானது. அலுவலகத்தில் டிக்கெட்டுகளை எண்ணிக்கை வைத்து வரிசைப்படுத்தும்போதெல்லாம் எனக்கு இந்த நாலு பேர் ஞாபகம் வருவார்கள்.

சரி, 11-க்கு மாறலாமா? தாராளமாக மாறுங்கள். ஆனால் பட்டனை அழுத்தும் முன்னால் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் உங்கள் ஃபைல்களின் பிரதியை எடுத்துவிட்டு, அந்த டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் வையுங்கள். திரும்பிப் போகும் வசதியை நம்பி இதை விட்டுவிடாதீர்கள். எரர் வந்தால் பதறாமல் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், அந்தக் கடைக்கார அண்ணன் கேட்ட கேள்வியை வீட்டில் இருக்கும் எல்லாரிடமும் கேளுங்கள். அம்மாவிடம், அப்பாவிடம், தங்கச்சியிடம். "உள்ள முக்கியமா எதும் இருக்கா?" நீங்களே பதில் சொல்லிவிடாதீர்கள். நான் அப்படித்தான் சொன்னேன்.