50, 75, 90, 100: ஒரு எண்ணின் வரலாறு

கடமலைக்குண்டு பக்கம் அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைக்குச் சான்று வாங்க வேண்டுமென்றால் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போவார்கள், அல்லது முகாமுக்குப் போவார்கள். சான்றில் 50, 75, 90, 100 என்று ஒரு சதவீதம் இருக்கும். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

1905-ல் பாரிஸில் ஆல்ஃபிரட் பினேயும் தியோடர் சிமோனும் முதல் அறிவுத்திறன் சோதனையை உருவாக்கினார்கள். பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டுபிடிப்பதுதான் நோக்கம். ஆனால் அமெரிக்காவில் வைன்லாந்து பயிற்சிப் பள்ளியில் இருந்த ஹென்றி காடர்ட் அதை மனிதர்களைத் தரம் பிரித்து ஒதுக்கப் பயன்படுத்தினார்! உதவி செய்ய வந்த கருவி முத்திரை குத்தும் கருவியாகிவிட்டது.

அதே வைன்லாந்தில் 1935-ல் எட்கர் டால் வேறு மாதிரி யோசித்தார். புதிர்க் கணக்கு வேண்டாம், அன்றாட வாழ்க்கையைக் கேட்போம் என்றார். தானே சாப்பிடுகிறானா? சட்டை போடுகிறானா? தனியாகக் கடைக்குப் போய் வருகிறானா? நாக்பூரில் மாலின் என்பவர் இதை 89 கேள்விகளாக இந்தியாவுக்கு ஏற்றபடி மாற்றினார்.

நம் நாட்டில் 1995 சட்டம் 40 சதவீதத்தை எல்லையாக வைத்தது. 2001 வழிகாட்டி அறிவுத்திறன் ஈவைப் பார்த்துச் சதவீதம் போட்டது: 50 முதல் 69 வரை ஈவு இருந்தால் 50 சதவீதம், 20-க்குக் கீழே இருந்தால் 100 சதவீதம். 2018 வழிகாட்டியில் வைன்லாந்து மதிப்பெண்ணை வைத்துச் சதவீதம் கணக்கிட்டார்கள். இது நல்ல முன்னேற்றம்தான்.

ஆனால் ஒரு சிக்கல் பாருங்கள். 75 சதவீதம் உள்ள இரண்டு பேர். ஒருவருக்குக் குளிக்க மட்டும் துணை வேண்டும். இன்னொருவருக்கு வலிப்பும் உண்டு, இரவெல்லாம் ஆள் விழித்திருக்க வேண்டும். அம்மா கூலி வேலைக்குப் போனால் பகலில் யார் பார்ப்பது? சான்றில் இரண்டு பேருக்கும் ஒரே எண்தான்.

2004-ல் அமெரிக்காவில் வந்த ஆதரவுத் தீவிர அளவுகோல் கேள்வியையே மாற்றியது. என்ன உதவி, எத்தனை முறை, தினம் எவ்வளவு நேரம் என்று கேட்டது. இந்தியாவிலும் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 38-வது பிரிவில் "உயர் ஆதரவு" என்பதைக் கொண்டு வந்தது. 40 சதவீதமோ அதற்கு மேலோ உள்ளவர் தாமே விண்ணப்பிக்கலாம், அவருக்காக வீட்டாரோ ஒரு அமைப்போ விண்ணப்பிக்கலாம். மதிப்பீட்டு வாரியம் என்ன உதவி தேவை என்று பார்த்துச் சான்று தரவேண்டும். இதற்கான விதிகள் 2019-ல் வந்தன.

ஆக, பினே 1905-ல் கேட்ட கேள்விக்கே சட்டம் திரும்பி வர 111 வருடம் ஆகியிருக்கிறது. சதவீதச் சான்றோடு நின்றுவிடாமல் இந்தப் பிரிவையும் கேட்கலாம் என்று உங்கள் ஊரில் தேவைப்படும் ஒரு வீட்டுக்காவது சொல்லுங்கள். கேட்டால்தான் கிடைக்கும் உரிமை இது!