உயிர்வேதிக் குறிகாட்டிகள்: கொல்கத்தா

உடலுக்குள் நடக்கும் மாற்றத்தை ரத்தத்திலோ சிறுநீரிலோ அளந்து காட்டும் பொருள் உயிர்வேதிக் குறிகாட்டி எனப்படும். நீரிழிவுக்குக் குளுக்கோசும் எச்பிஏ1சியும், மாரடைப்புக்கு ட்ரோபோனினும், இதயச் செயலிழப்புக்கு பிஎன்பியும், வளர்சிதைமாற்றக் கோளாறுகளுக்கு டிரைகிளிசரைடு, எச்டிஎல் முதலியனவும் இன்று அளக்கப்படுகின்றன. இந்த அளவீடுகள் இந்திய மருத்துவத்துக்குள் வந்த வரலாற்றில் கொல்கத்தாவுக்குத் தனி இடம் உண்டு.

சிறுநீரை எறும்பு மொய்க்கிறதா என்று பார்த்து மதுமேகத்தை அறிந்தவர்கள் பழைய ஆயுர்வேத மருத்துவர்கள். அந்த இனிப்பைச் சோதனைக்குழாயில் காணும் பயிற்சி 1835இல் நிறுவப்பட்ட கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் வழியாக வங்காளத்தில் பரவியது. அங்கு வேதியியல் கற்பித்த சுனிலால் போஸ் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே நீரிழிவைப் பற்றி எழுதினார். 1907இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் வெப்பநாடுகளின் நீரிழிவைப் பற்றி நடத்திய விவாதத்தில் கல்கத்தாவின் கைலாஸ் சந்திர போஸுடைய கருத்தும் இடம்பெற்றது. ஆங்கிலப் பிரபுக்களுக்குக் கீல்வாதம் எப்படியோ, இந்திய மேல்தட்டினருக்கு நீரிழிவு அப்படி என்றார் அவர். உட்கார்ந்தே வேலை பார்க்கும் பாபுக்களையும் வக்கீல்களையும் பார்த்து வந்த முடிவு அது. சிறுநீரைச் சோதித்துக்கொள்ள வசதியுள்ளவர்களே மருத்துவரிடம் வந்தார்கள். சணல் ஆலைத் தொழிலாளியின் சிறுநீரை யாரும் காய்ச்சிப் பார்க்கவில்லை. நீரிழிவு பணக்காரர் நோய் என்ற எண்ணம் பல தலைமுறைகள் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

காய்ச்சிப் பார்ப்பது என்பது வெறும் பேச்சுவழக்கு அன்று. பெனடிக்ட் கரைசல் புழக்கத்துக்கு வந்தபின் சோதனை இப்படி நடந்தது: 5 மில்லி நீலக் கரைசலில் 8 சொட்டு சிறுநீரை விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்கவிட்டு, ஆறவைத்துப் பார்ப்பார்கள். நீலம் மாறாவிட்டால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று சர்க்கரையின் அளவுக்கேற்ப நிறம் ஏறும். செங்கல் நிறம் வந்தால் 2 சதவீதத்துக்கு மேல். ஆனால் ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் சிறுநீரகம் அதை வெளியே விடும். ஆகவே நோயின் தொடக்க நிலையில் இருந்தவர்களிடம் குழாய் நீலமாகவே நின்றது.

இந்தக் குறையை ரத்தப் பரிசோதனை தீர்த்தது. 1920களின் தொடக்கத்தில் செயல்படத் தொடங்கிய கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ஜே. பி. போஸ் நீரிழிவு ஆராய்ச்சியை நடத்தினார். இந்தியச் சூழலுக்கேற்ப அந்நோயைப் பற்றிக் கையேடும் எழுதினார்.

அதே பள்ளியின் இன்னொரு பணி தொடங்கியபோது நீரிழிவோடு தொடர்பில்லாததாகவே இருந்தது. பின்னாளில் அப்பள்ளியின் இயக்குநரான ஜோதி பூஷண் சாட்டர்ஜி 1950களில் வங்காளிகளின் ரத்தசோகையை ஆராய்ந்தபோது ஹீமோகுளோபின் ஈ என்ற மரபு மாறுபாட்டைப் பின்தொடர்ந்தார். அதன் பீட்டா சங்கிலியில் 26ஆம் இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் லைசின் இருக்கும். மின்னூட்டம் மாறுவதால் எலக்ட்ரோஃபோரெசிஸ் பகுப்பில் அது பின்தங்கித் தனிப் பட்டையாக நிற்கும். இவ்வாய்வுகளுக்காக அவருக்கு 1966இல் பட்நாகர் பரிசு கிடைத்தது. இரண்டு ஆண்டுகளில், 1968இல், தெஹ்ரானில் சாமுவேல் ரஹ்பார் அதே முறையில் நீரிழிவாளரின் ரத்தத்தைப் பகுத்தபோது வழக்கமில்லாத ஒரு பட்டையைக் கண்டார். அதுவே இன்றைய எச்பிஏ1சி.

இரு பட்டைகளும் வங்காளிகளின் ரத்தத்தில் ஒன்றோடொன்று மோதுகின்றன. எச்பிஏ1சி என்பது ஹீமோகுளோபின் ஏ மீது ஒட்டிய சர்க்கரை. பெற்றோர் இருவரிடமிருந்தும் ஈ பெற்றவரிடம் ஏ இருக்காது; அவருக்கு இந்த எண்ணால் பொருள் இல்லை. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவருக்குச் சில கருவிகள் பிழையான அளவைக் காட்டும். பலருக்குத் தாம் ஈ உடையவர் என்பதே தெரியாது. தலசீமியா சோதனையின் எச்பிஎல்சி அச்சில், 3.5 சதவீதத்துக்குள் அடங்க வேண்டிய ஹீமோகுளோபின் ஏ2 முகடு 25, 30 என்று ஓங்கி நிற்கும்போதுதான் தெரியவரும். இரும்புச்சத்துக் குறைவும் எச்பிஏ1சியை ஏற்றிக் காட்டும். எனவே 2011இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்ற 6.5 சதவீத எல்லையை மட்டும் நம்பி வங்காளத்தில் நோயை முடிவு செய்வது தவறு; வெறும் வயிற்றுச் சர்க்கரை, குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரத்துக்குப் பின் சர்க்கரை, தேவைப்பட்டால் ஃபுரக்டோசமின் ஆகியவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இதயக் குறிகாட்டிகளின் வரலாறு பெரும்பாலும் வெளிநாட்டுக் கூடங்களில் நடந்தது. 1954இல் ஏஎஸ்டி, பின் சிகே-எம்பி, 1980களின் இறுதியிலிருந்து ட்ரோபோனின். நெஞ்சுவலி தொடங்கிச் சில மணி நேரத்தில் ட்ரோபோனின் ஏறத் தொடங்கும். சிறுநீரகக் கோளாறிலும் அது உயரலாம். ஈசிஜியில் மாரடைப்பு தெளிவாகத் தெரிந்தால் இதன் முடிவுக்காகக் காத்திருப்பது உயிருக்கு ஆபத்து.

வங்காளத்திலிருந்தே வந்த குறிகாட்டி ஆய்வுகளில் முக்கியமானது ஃபெட்டுயின்-ஏ பற்றியது. கல்லீரல் சுரக்கும் இப்புரதம் கொழுப்பு அமிலத்தோடு சேர்ந்து கொழுப்புச் செல்களின் டிஎல்ஆர்4 ஏற்பியைத் தூண்டி, இன்சுலினுக்கு எதிர்ப்பை உண்டாக்குகிறது. சாந்திநிகேதன் விஸ்வபாரதியின் சமீர் பட்டாச்சார்யா குழு, கொல்கத்தா எஸ்எஸ்கேஎம் மருத்துவமனை மருத்துவர்களோடு சேர்ந்து 2012இல் நேச்சர் மெடிசின் இதழில் இதை வெளியிட்டது.

இன்று தெருமுனை லேப்களிலும் இச்சோதனைகளில் பல கிடைக்கின்றன. 2023இல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வின்படி நாட்டில் 2021இல் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருந்தது.