ஏர் இழுத்த மாடும் கோபே கறியும்

உலகில் விலை கூடிய மாட்டுக்கறிகளில் ஒன்று கோபே கறி. அதைத் தரும் மாட்டின் முன்னோர்களையோ யாரும் கறிக்காக வளர்க்கவில்லை. அவை ஏர் இழுக்கப் பிறந்தவை.

ஜப்பானின் ஹியோகோ மாகாணத்து வடபகுதிக்குப் பழைய பெயர் தஜிமா. செங்குத்தான மலை, குறுகிய பள்ளத்தாக்கு, குளிர்காலம் முழுக்கப் பனி. சரிவை வெட்டிச் சமன் செய்த துண்டு வயல்களில் பெருத்த மாட்டைத் திருப்பி ஓட்ட முடியாது. சின்ன உடம்பு, உறுதியான குளம்பு, சாதுவான குணம், தவறாமல் சினை பிடிக்கும் வயிறு: தஜிமா விவசாயி பார்த்தது இவற்றைத்தான். வீட்டுக்கு ஒன்றிரண்டு பசுக்கள் இருந்தால் அதிகம். குடும்பம் படுத்துறங்கும் அதே கூரையின் கீழேதான் தொழுவமும் இருந்தது.

கறி உண்பதற்குத் தடையும் இருந்தது. கி.பி. 675இல் பேரரசர் தென்மு, நான்காம் மாதம் தொடங்கி ஒன்பதாம் மாதம் வரை மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றை உண்ணக்கூடாதென்று ஆணையிட்டார். அது உழவு நடக்கும் பருவம். பௌத்தமும் சேர்ந்துகொள்ள, மாட்டுக்கறி நெடுங்காலம் விலக்காகவே இருந்தது. ஹிகோனே சிற்றரசு மட்டும் மிசோ என்ற சோயா விழுதில் ஊறவைத்த மாட்டுக்கறியை ‘மருந்து’ என்ற பெயரில் நாட்டை ஆண்ட ஷோகனுக்கு அனுப்பிவந்தது.

எனவே இனத் தேர்வு நடந்தது வயலுக்காக. 19ஆம் நூற்றாண்டில் தஜிமாவின் ஒஜிரோ கிராமத்து மயேதா ஷுசுகே, நல்ல பசுக்களைத் தேடி வாங்கி, அவற்றின் வாரிசுகளுக்குள்ளேயே இணைசேர்த்து ஒரு தனி வழியை உருவாக்கினார். பக்கத்துப் பள்ளத்தாக்கின் மாடு மலை தாண்டி வருவது அரிது என்பதால், ஒவ்வொரு பள்ளத்தாக்கின் குணமும் அங்கேயே ஊறித் தடித்தது. தசைக்குள் நூல் நூலாகக் கொழுப்பு ஓடும் குணமும் அப்படி நிலைத்ததுதான். அதன் ருசி ஊரில் யாருக்கும் தெரியாது.

1868இல் கோபே துறைமுகம் அந்நியருக்குத் திறந்தது. வந்திறங்கியவர்கள் கறி கேட்டார்கள்; உள்நாட்டிலிருந்து உழவு மாடுகள் வந்தன. யோகோஹாமாவில் குடியேறிய ஐரோப்பியர்களும் கோபேயிலிருந்து கப்பலில் வரும் மாட்டின் கறியே உசத்தி என்றார்கள். 1872இல் பேரரசர் மெய்ஜி மாட்டுக்கறி உண்டதை ஊரறியச் செய்தார்கள். தோக்கியோவில் மாட்டுக்கறி கொதிக்கும் சட்டியைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவது புதுநாகரிகமாயிற்று.

பிறகு வந்தது பேராசை. ஜப்பானிய மாடு சிறியது, கறி குறைவு, பாலும் இல்லை என்று முடிவுகட்டிய அரசு, 1900இல் ஹிரோஷிமாவில் ஓர் இனவிருத்திப் பண்ணையைத் தொடங்கியது. சிம்மென்டல், பிரவுன் ஸ்விஸ், ஷார்ட்ஹார்ன் போன்ற அயல்நாட்டுப் பொலிகாளைகள் ஊர் ஊராகப் போயின. கலப்புக் கன்றுகள் மளமளவென வளர்ந்தன. ஆனால் சேற்றில் மந்தமாக நடந்தன, தீனி அதிகம் கேட்டன, கறியும் மட்டமாக இருந்தது. பத்தே ஆண்டில் அவற்றின் விலை சரிந்தது. அதற்குள் கலப்பில்லாத தஜிமா மாட்டைத் தேடிப் பிடிக்க வேண்டிய நிலை. ஒஜிரோவின் உச்சியில், வெளியார் எளிதில் எட்டாத அட்சுதா என்ற குக்கிராமத்தில் நான்கு பசுக்கள் எஞ்சியிருந்தன.

அந்த வழியில் 1939இல் ஒரு காளைக்கன்று பிறந்தது. வளர்த்த குடும்பத்தின் பெயரால் ‘தாஜிரி’ என்றழைக்கப்பட்டது. 2012இல், வாக்யூ எனப்படும் ஜப்பானிய இன மாடுகளின் பதிவுச் சங்கம் ஆராய்ந்தபோது, நாட்டிலுள்ள கருப்பு வாக்யூ தாய்ப்பசுக்களில் 99.9 விழுக்காடு இந்த ஒரே காளையின் வழிவந்தவை என்று தெரிந்தது. ஓர் இனமே ஒற்றை வேரில் நிற்பது பெருமைக்குரியதல்ல, ஆபத்து. உறவுக்குள்ளேயே இணைசேர்வது மிகாதிருக்க, ஒவ்வொரு இணையையும் வம்சாவளி பார்த்தே முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. கன்றின் மூக்கில் மை தடவி ஒற்றியெடுத்த ரேகையோடு அதன் வம்சாவளிச் சான்றிதழ் எழுதப்படுகிறது. கைரேகைபோல அதுவும் மாட்டுக்கு மாடு மாறும்.

1960களில் கை டிராக்டர் வயலுக்கு வந்தது. மாட்டின் ஏர்த்தொழில் முடிந்தது. அதன்பின் தீவனம் ஒரு கலையானது. ஒன்பது, பத்து மாதக் கன்றை வாங்கி, முப்பது மாதம் ஆகும்வரை வைக்கோல், வாற்கோதுமை, மக்காச்சோளம், கோதுமைத் தவிடு, டோஃபு பிழிந்த சக்கை என்று ஊட்டுகிறார்கள். மாட்சுசாகா பகுதியில் ஈனாத கிடேரியைத்தான் வளர்ப்பார்கள், அதன் கொழுப்பு இளகியது என்று. பசி மந்தப்படும் மாட்டுக்கு அங்கே பீர் கொடுப்பதும் உண்டு. வெளிநாட்டார் அதையே எல்லாப் பண்ணைக்கும் பொதுவாக்கிவிட்டார்கள். உண்மையில் அது சில மாடுகளுக்கான பசிமருந்து மட்டுமே.

இதில் மனம் ஒப்பாத ஒரு பழக்கமும் உண்டு. வைட்டமின் ஏ குறைந்தால் தசைக்குள் கொழுப்பு கூடும் என்பதால், நடுப்பருவத்தில் பச்சைப் புல்லை நிறுத்துகிறார்கள். அளவு தவறினால் மாட்டின் கண் பார்வை போய்விடும். கொழுப்புக் கோடுகளுக்கு 1 முதல் 12 வரை தரமிட்டு விலை சொல்லும் சந்தைதான் பண்ணைக்காரரை இவ்வளவு தூரம் தள்ளியது. கோபே கறி என்ற பெயர் பெறவே குறைந்தது 6 வேண்டும்.

அந்த அளவுகோல் இப்போது அசைகிறது. வாக்யூவுக்கான தேசியப் போட்டி 1966 முதல் ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. 2022இல் ககோஷிமாவில் நடந்தபோது, கொழுப்பின் தரத்தை மதிப்பிடவே தனிப் பிரிவு வைத்தார்கள். கொழுப்பை வாயில் சீக்கிரம் உருகவைக்கும் ஒலீயிக் அமிலம் போன்றவை எவ்வளவு என்று அங்கே அளந்தார்கள்.