கிழித்துச் சேர்த்த நாவல்கள்

ஸ்ரீரங்கத்தில் என் வயதுக்காரர்கள் பலருக்கு முதல் நாவல் கடையில் வாங்கியதாக இருக்காது. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையைப் பக்கம் பக்கமாகப் பிரித்தெடுத்து, தைத்து, அட்டை போட்ட பைண்டு புஸ்தகமாகத்தான் இருக்கும். உத்தர வீதியில் எங்கள் அத்தையின் டிரங்குப் பெட்டி முழுக்க அவைதான். இரவல் கேட்டு வருகிறவர்களிடம், "கை அலம்பிண்டு தொடு, காது மடக்காதே" என்பாள். பக்க முனையை மடக்குவதைத்தான் அப்படிச் சொல்வாள்.

இந்த வழக்கத்துக்கு உயிர் கொடுத்தவர்களில் முதல் பெயர் கல்கி. திருச்சியில் தேசியக் கல்லூரி உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவர், 1921இல் ஒத்துழையாமை இயக்கத்துக்காகப் படிப்பை விட்டார். இருபது ஆண்டு கழித்து, 1941இல், நண்பர் சதாசிவத்தோடு சேர்ந்து சொந்தப் பத்திரிகை தொடங்கியதும் எழுதிய முதல் சரித்திரத் தொடர் 'பார்த்திபன் கனவு'. அது உறையூர்க் காவிரிக் கரையில், படகோட்டி பொன்னனின் குடிசையருகே தொடங்குகிறது. தினமும் அதே காவிரியில் குளிக்கிற ஜனங்கள் அந்தக் கதையை எப்படிக் கீழே வைப்பார்கள்? பிறகு 'சிவகாமியின் சபதம்'. அப்புறம் 1950 அக்டோபரில் ஆரம்பித்து 1954 மே வரை மூன்றரை வருஷம் ஓடிய 'பொன்னியின் செல்வன்'.

வாரம் முழுக்கக் காத்திருந்து படித்தவர்களே, கதை முடிந்ததும் அதைப் பைண்டு பண்ணி, ராச்சாப்பாட்டை மறந்து மறுபடி படித்தார்கள். ஒரே கதைக்கு இரண்டு விதமான ருசி. வாரக் கடைசியில் 'பொன்னியின் செல்வன்' நாயகன் வந்தியத்தேவனை ஆபத்தில் நிறுத்திவிட்டுப் போகிற உத்தி, பைண்டு புஸ்தகத்தில் நம்மை அடுத்த அத்தியாயத்துக்குப் பிடித்துத் தள்ளும். கல்கியின் கதைகள் புத்தகமான பின்னும் கையை விட்டு இறங்காமல் இருப்பதற்கு அந்த வாராந்திர அமைப்பே பாதிக் காரணம் என்பது என் தீர்மானமான எண்ணம்.

பைண்டு வேலையில் நுணுக்கம் உண்டு. முதலில் ஊக்கு நீக்கி, கிழியாமல் தாளை எடுக்க வேண்டும். வாரவாரம் வரிசை தப்பாமல் அடுக்கி, ஓரத்தில் துளையிட்டு நூலால் தைக்க வேண்டும். மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள், பூச்சி வராது. முதுகுக்குக் காலிக்கோ துணி. ஒரே தாளின் இரு பக்கமும் இரண்டு தொடர்கள் வந்துவிட்டால்தான் வீட்டில் சண்டை: எந்தக் கதையின் பைண்டில் அந்தத் தாளைச் சேர்ப்பது? அதனால் ஒவ்வொரு பைண்டிலும் வேறொரு கதையின் துண்டு, பாதி நகைச்சுவைத் துணுக்கு, சோப்பு விளம்பரம் எல்லாம் இருக்கும். மணியம் வரைந்த படங்கள் அவை முதலில் அச்சான அளவிலேயே இருக்கும். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையான பிறகு 'பொன்னியின் செல்வன்' எத்தனையோ பதிப்பு கண்டுவிட்டது. பலவற்றில் மணியம் இல்லை.

இப்படி வாசித்த ஊரில் வளர்ந்தவர்தான் எழுத்தாளர் சுஜாதா. 1935இல் பிறந்து, ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்தார். 1968இல் குமுதத்தில் வந்த 'நைலான் கயிறு' முதல் அவருடைய தொடர்களும் பைண்டுக்குப் போயின. விகடனில் 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' வந்தபோது, தங்கள் வீதியையே தாங்கள் தைத்து வைத்துக்கொண்டார்கள் எங்கள் ஊர்க்காரர்கள்.

அவருடைய முதல் கதை 1953இல், திருலோக சீதாராம் திருச்சியிலிருந்து நடத்திய 'சிவாஜி' இதழில் வந்தது. அந்தப் பிரதி தம்மிடமே இல்லை என்று பின்னாளில் அவர் எழுதினார். சிற்றிதழை யாரும் பைண்டு பண்ணவில்லை. குடும்பங்கள் பிரியமாகத் தைத்து வைத்தவை மிஞ்சின, மற்றவை பழைய பேப்பர் கடைக்குப் போயின.

இப்போது பைண்டுகளும் அதே வழியில் போகின்றன. வீடு இடிக்கும்போது பரணிலிருந்து இறங்கி எடைக்குப் போகின்றன. ஆனால் இப்படிப்பட்ட பழைய புத்தகங்களையும் இதழ்களையும் கோட்டையூர் ரோஜா முத்தையா தனி ஒருவராகச் சேர்த்ததுதான் 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. உங்கள் பரணில் தாத்தா, பாட்டி கட்டிய பைண்டு ஒன்று இருந்தால், எடைக்குப் போடாதீர்கள். அந்த நூலகத்துக்கு ஒரு கடிதம் போட்டுக் கேளுங்கள்.