எலிக்கு முன்னால் கணினி

ஒரு மூலக்கூறின் அமைப்பை மட்டும் வைத்து அது மருந்தாகுமா, விஷமாகுமா என்று சொல்ல முடியுமா? கேள்விக்கு வயது நூறுக்கு மேல். 1900ஐ ஒட்டி மேயர், ஓவர்டன் என்ற இருவர் தனித்தனியே தலைப்பிரட்டைகளைச் சோதித்து, எண்ணெயில் நன்றாகக் கரையும் பொருள் அதிகம் மயக்கும் என்று கண்டார்கள். கணினி கிடையாது, வெறும் கணக்குதான்.

அந்தக் கணக்கை 1960களின் தொடக்கத்தில் சமன்பாடாக்கியவர் கலிபோர்னியாவின் கார்வின் ஹான்ஷ். அதே காலத்தில்தான் தாலிடோமைடு. 1957ல் ஜெர்மனியில் தூக்க மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1961 நவம்பரில் அங்கே திரும்பப் பெறப்பட்டது. உலகெங்கும் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் கை, கால் வளராமலும் வேறு குறைகளோடும் பிறந்தார்கள். கொடுமை என்னவென்றால், பின்னர் சோதித்தபோது முயல்குட்டிகளிடம் தெரிந்த ஊனம் எலிக்குட்டிகளிடம் சரியாகத் தெரியவில்லை. எலியும் மனிதனுக்குப் பதிலாக வைத்த ஒரு 'மாடல்'தானே!

கணினி மாடல் தானாக எதையும் கண்டுபிடிப்பதில்லை. ஏற்கெனவே சோதித்த பொருட்களின் முடிவுகளைப் படித்து, புதியது அவற்றில் எதன் சாயலில் இருக்கிறது என்று பார்க்கிறது. ஆகவே பழைய விபத்துகள்தான் அதன் பாடப்புத்தகம். டெர்ஃபெனடின் என்ற ஒவ்வாமை மருந்து நல்ல உதாரணம். வேறு சில மருந்துகளோடு சேர்ந்தால் ஈரலில் அது சிதையாமல் ரத்தத்தில் தேங்கி, இதயத் துடிப்பைச் சீராக்கும் பொட்டாசியம் வாயிலை அடைத்துவிடும். அமெரிக்காவில் 1998ல் அதை விலக்கிக்கொண்டார்கள். அதன்பிறகே அந்த வாயிலை அடைக்குமா என்று கணினியில் முதலிலேயே பார்ப்பது மருந்து கம்பெனிகளில் வழக்கமானது.

2014ல் அமெரிக்க அரசு நிறுவனங்களின் 'டாக்ஸ்21' போட்டியில் சுமார் 12,000 பொருட்களின் தரவு தரப்பட்டது. ஆழக் கற்றல் முறையைக் கொண்டுவந்த ஆஸ்திரியாவின் லின்ஸ் குழு வென்றது. இந்தியாவில் 2023 மார்ச்சில் விதி திருத்தப்பட்டு, மனிதர்களிடம் சோதிக்கும் முன் நடக்கும் ஆய்வில் விலங்குச் சோதனைக்கு மாற்றாகக் கணினி மாடலும் இடம்பெற்றது.

ஆனால் மாடல் பார்ப்பது நாம் கொடுக்கும் மூலக்கூறை மட்டுமே, பாட்டிலுக்குள் இருப்பதை அல்ல. டைஎத்திலீன் கிளைக்கால் விஷம் என்பது 1937ல் அமெரிக்காவில் 100க்கும் மேற்பட்டோர் இறந்தபோதே தெரிந்துவிட்டது. 1972ல் சென்னையில் குழந்தைகள் அதனால் இறந்தார்கள். 2025ல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் மருந்தில் அதே பொருள் 48.6 சதவீதம் இருந்ததாகத் தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வு சொன்னது. மத்தியப் பிரதேசத்தில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள்.