பைரனீஸ் மலைக் கணவாய் மிதிவண்டிச் சாலைகள்

பைரனீஸ் மலைக் கணவாய் மிதிவண்டிச் சாலைகள் என்பவை, பிரான்சின் தென்மேற்கில் பைரனீஸ் மலைத்தொடரின் வடசரிவில் உள்ள பள்ளத்தாக்குகளை இணைக்கும் மலைச்சாலைகள் ஆகும். இவற்றுள் எதுவும் மிதிவண்டிக்கென அமைக்கப்பட்டதன்று. இடையர்களின் தடங்களாகவும், வெந்நீர் ஊற்று நகரங்களுக்குச் செல்லும் குதிரை வண்டிப் பாதைகளாகவும் இருந்த இவை, 1910 ஆம் ஆண்டில் டூர் டி பிரான்ஸ் பந்தயம் இவ்வழியே நடத்தப்பட்ட பின்னர் மிதிவண்டி ஓட்டுபவர்களிடையே உலகப் புகழ் பெற்றன. இன்று பந்தய வீரர்களுடன், கோடை விடுமுறையில் வரும் சாதாரணப் பயணிகளும் இச்சாலைகளைப் பயன்படுத்துகின்றனர்.

புவியியல் அமைப்பு

பைரனீஸ் மலைத்தொடர் மேற்கே அத்திலாந்திக் பெருங்கடலின் பிஸ்கே விரிகுடாவிலிருந்து கிழக்கே மத்தியதரைக் கடல் வரை, பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் எல்லையாக நீண்டுள்ளது. இதன் மிக உயர்ந்த சிகரமான அனேத்தோ (3404 மீ) ஸ்பெயின் பகுதியில் உள்ளது.

பிரான்ஸ் பக்கத்தில் ஆறுகள் முதன்மை மலைத்தொடரிலிருந்து பெரும்பாலும் வடக்கு நோக்கிப் பாய்கின்றன. எனவே பள்ளத்தாக்குகள் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ இணையாக, தெற்கு வடக்காக அமைந்துள்ளன. மலைக்குள்ளேயே கிழக்கு மேற்காகச் செல்ல விரும்பும் ஒருவர் ஒவ்வொரு பள்ளத்தாக்கிலிருந்தும் ஏறி, இடையிலுள்ள கிளைமலையைக் கணவாய் வழியாகக் கடந்து, அடுத்த பள்ளத்தாக்கில் இறங்க வேண்டும். ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வருவதற்கு இதுவே காரணம்.

சாலைகளின் தோற்றம்

கோடைக்காலத்தில் ஆடு மாடுகளை உயர்ந்த புல்வெளிகளுக்கு ஓட்டிச் செல்வது இப்பகுதியின் நெடுநாள் வழக்கம் ஆகும். ஒஸ்ஸோ பள்ளத்தாக்கின் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி இன்றும் பெயர் பெற்றது. கணவாய்களின் தொடக்ககாலத் தடங்கள் இத்தகைய தேவைகளுக்கானவை.

19 ஆம் நூற்றாண்டில் ஓ-பொன், பரேஜ், பன்யேர்-த-பிகோர், லூஷோன் முதலிய ஊர்களின் வெந்நீர் ஊற்றுகளில் மருத்துவத்துக்காகக் குளிப்பது செல்வந்தர்களிடையே பரவியது. மூன்றாம் நெப்போலியன் ஆட்சிக்காலத்தில் இவ்வூர்களை இணைக்கும் வண்டிச் சாலை அமைக்கப்பட்டது. இது 'வெந்நீர்ச் சாலை' என்னும் பொருளில் 'ரூத் தெர்மால்' என அழைக்கப்பட்டது. ஒபிஸ்க், துர்மலே, ஆஸ்பான், பெய்ரசூர்த் ஆகிய நான்கு கணவாய்களும் இச்சாலையில் அமைந்தவையே.

1910 ஆம் ஆண்டு பந்தயம்

டூர் டி பிரான்ஸ் பந்தயம் 1903 ஆம் ஆண்டில் லோத்தோ என்னும் விளையாட்டு நாளிதழால் தொடங்கப்பட்டது. அந்நாளிதழில் பணியாற்றிய அல்போன்ஸ் ஸ்தெயினெஸ், பந்தயத்தைப் பைரனீஸ் கணவாய்களின் வழியே நடத்தலாம் என முன்மொழிந்தார். சாலையைப் பார்வையிடச் சென்றபோது துர்மலேயில் அவரது மோட்டார் வண்டி பனியில் சிக்கிக்கொண்டது. இருட்டில் நடந்தே கணவாயைக் கடந்து உயிர் தப்பிய அவர், சாலை நன்றாக இருக்கிறது என்று ஆசிரியர் ஆன்ரி தெகிராஞ்சுக்குத் தந்தி அனுப்பினார் எனச் சொல்லப்படுகிறது.

1910 சூலை 21 அன்று லூஷோனிலிருந்து பயோன் வரையிலான 326 கி.மீ. கட்டம் நடைபெற்றது. வீரர்கள் விடியுமுன் புறப்பட்டனர். சாலைகள் மண்ணும் கல்லுமாக இருந்தன. ஓடும்போதே கியர் மாற்றும் கருவி அக்காலத்தில் பந்தயத்தில் இல்லை. அது 1937 ஆம் ஆண்டிலேயே அனுமதிக்கப்பட்டது. வீரர்களுள் பலர் செங்குத்தான இடங்களில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தனர். துர்மலேயை முதலில் கடந்த ஒக்தாவ் லப்பீஸ், ஒபிஸ்க் ஏற்றத்தில் அமைப்பாளர்களை நோக்கிக் 'கொலைகாரர்கள்' எனக் கத்தியது இப்பந்தயத்தின் வரலாற்றில் மிகவும் அறியப்பட்ட நிகழ்வு. அன்றைய கட்டத்தில் 14 மணி நேரத்துக்கும் மேலாக ஓட்டி வென்றவரும் அவரே. அவ்வாண்டின் பந்தயத்தையும் அவரே வென்றார். முதல் உலகப்போரில் விமானியாகப் பணியாற்றிய லப்பீஸ் 1917 ஆம் ஆண்டில் வான்சண்டையில் உயிரிழந்தார். மூச்சு வாங்க மிதிவண்டி மிதிக்கும் வீரனின் பெரிய உலோகச் சிலை ஒன்று துர்மலே உச்சியில் அவர் நினைவாக வைக்கப்படுகிறது. குளிர்காலத்தில் கீழே இறக்கப்படும் அச்சிலை, கோடையின் தொடக்கத்தில் மிதிவண்டி ஓட்டுபவர்களின் ஊர்வலத்துடன் மீண்டும் மேலே கொண்டு செல்லப்படுகிறது.

முக்கியக் கணவாய்கள்

கிழக்கிலிருந்து மேற்காகச் செல்லும்போது வரும் முக்கியக் கணவாய்கள் பின்வருமாறு:

* பெய்ரசூர்த் (1569 மீ): லூஷோனிலிருந்து சுமார் 15 கி.மீ. ஏற்றம், சராசரிச் சரிவு ஏறத்தாழ 6 விழுக்காடு.
* ஆஸ்பான் (1489 மீ): ஆரோ என்னும் சிற்றூரிலிருந்து 12 கி.மீ.; சராசரி 6.5 விழுக்காடு. உச்சியில் மாடுகள் சாலையிலேயே படுத்திருப்பது வழக்கமான காட்சி.
* துர்மலே (2115 மீ): கிழக்கே சென்-மாரி-த-கம்பானிலிருந்து 17 கி.மீ., மேற்கே லூஸ்-சென்-சொவேரிலிருந்து 19 கி.மீ.; இரு பக்கங்களிலும் சராசரி 7 விழுக்காட்டுக்குச் சற்று மேல்.
* சூலோர் (1474 மீ), ஒபிஸ்க் (1709 மீ): இவ்விரண்டையும் இணைக்கும் சாலை லித்தோர் என்னும் அரைவட்ட மலைச்சுவரின் பக்கவாட்டில் குடைந்து செல்கிறது. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் படுகுழி. சுரங்கவழிகளும் உள்ளன. மேற்கே லரூன்ஸ் ஊரிலிருந்து ஒபிஸ்குக்கு 16.6 கி.மீ., சராசரி 7.2 விழுக்காடு.
* மரி-பிளாங்க் (1035 மீ): உயரம் குறைவு எனினும் மேற்குப் பக்கத்தின் கடைசி 4 கி.மீ. முழுவதும் 10 விழுக்காட்டுக்கு மேற்பட்ட சரிவு கொண்டது.

மரி-பிளாங்க் கணவாயின் மேற்குப் பக்க ஏற்றம் 9 கி.மீ.க்குச் சற்று மேல், சராசரி 7.5 விழுக்காடு மட்டுமே. சராசரிச் சரிவை மட்டும் நம்பி ஒரு பாதையை மதிப்பிடக்கூடாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஏற்றத்தின் கணக்கு

7 விழுக்காடு சரிவு என்பது கிடைமட்டமாக 100 மீட்டர் முன்னேறும்போது 7 மீட்டர் உயர்வதைக் குறிக்கும். ஏறுவதற்குத் தேவையான ஆற்றலைப் பள்ளி இயற்பியலில் வரும் நிலையாற்றல் வாய்பாட்டைக் கொண்டே கணக்கிடலாம். ஓட்டுபவர், வண்டி இரண்டின் மொத்த நிறை 80 கி.கி. எனக் கொள்வோம். லூஸ்-சென்-சொவேரிலிருந்து துர்மலே உச்சி வரை உயர வேறுபாடு சுமார் 1404 மீ. எனவே தேவையான ஆற்றல் 80 × 9.81 × 1404, அதாவது ஏறத்தாழ 1100 கிலோஜூல்.

இடைவிடாது 200 வாட் திறனுடன் மிதிப்பவருக்கு இதற்கு ஏறத்தாழ 92 நிமிடங்கள் ஆகும். 150 வாட் எனில் 2 மணி நேரத்தைத் தாண்டும். காற்றின் தடையும் சக்கர உராய்வும் இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை; சேர்த்தால் நேரம் மேலும் கூடும். ஏற்றத்தில் வேகம் குறைவாக இருப்பதால் காற்றுத்தடை சிறிதாகிறது; ஓட்டுபவரின் எடையே முதன்மையான காரணியாகிறது. மெலிந்த உடல் கொண்ட வீரர்கள் மலையில் முந்துவது இதனாலேயே.

இறக்கத்தின் ஆபத்து

ஏற்றம் களைப்பைத் தருகிறது. உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் இறக்கத்தில்தான் வருகிறது. துர்மலேயிலிருந்து சென்-மாரி-த-கம்பானுக்கு இறங்கும்போது மேற்சொன்ன 80 கி.கி. நிறை ஏறத்தாழ 1000 கிலோஜூல் ஆற்றலை இழக்க வேண்டும். காற்று எடுத்துக்கொள்ளாத பகுதி தடைக்கட்டைகளில் வெப்பமாகிறது. மேலும் வேகம் இருமடங்கானால் நிறுத்தத் தேவையான தூரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும்.

இச்சாலைகளில் நிகழ்ந்த சில நிகழ்வுகள் இதை உணர்த்துகின்றன:

* 1913 இல் யூஜின் கிறிஸ்தோஃப் துர்மலேயிலிருந்து இறங்கும்போது அவரது வண்டியின் முன்சக்கர ஃபோர்க் முறிந்தது. பத்துக்கும் மேற்பட்ட கி.மீ. தூரம் வண்டியைத் தூக்கிக்கொண்டு நடந்து, சென்-மாரி-த-கம்பான் கொல்லன் பட்டறையில் தம் கையாலேயே அதைச் சரிசெய்தார். பிறர் உதவி கூடாது என்பது விதி. துருத்தி ஊத ஒரு சிறுவன் உதவியதற்காக அவருக்கு நேரத் தண்டனை விதிக்கப்பட்டது.
* 1951 இல் மஞ்சள் சட்டை அணிந்த முதல் டச்சு வீரரான விம் வான் எஸ்ட், ஒபிஸ்க் இறக்கத்தில் பள்ளத்தில் விழுந்தார். மாற்று டயர்களைக் கயிறாகக் கட்டி அவரை மேலே இழுத்தனர். அவர் உயிர் பிழைத்தார்.
* 1971 இல் முன்னணியில் இருந்த லூயிஸ் ஒக்கான்யா, மாந்தே கணவாய் இறக்கத்தில் இடிமழையின்போது விழுந்து பந்தயத்திலிருந்து விலகினார்.
* 1995 சூலை 18 அன்று, 1992 ஒலிம்பிக் தங்கப் பதக்கம் வென்ற இத்தாலிய வீரர் ஃபாபியோ கசார்த்தெல்லி, போர்த்தே-தாஸ்பே கணவாய் இறக்கத்தில் விழுந்து தலையில் அடிபட்டு இறந்தார். அவர் தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. அவ்விடத்தில் நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டுள்ளது.

தொழில்முறைச் சாலைப் பந்தயங்களில் தலைக்கவசம் 2003 ஆம் ஆண்டில்தான் கட்டாயமாக்கப்பட்டது. அவ்வாண்டு பாரிஸ்-நீஸ் பந்தயத்தில் கசகஸ்தான் வீரர் ஆந்திரே கிவிலெவ் இறந்ததை அடுத்து இவ்விதி வந்தது.

பயணிகள் கவனிக்க வேண்டியவை

* உயர்ந்த கணவாய்கள் குளிர்காலத்தில் பனியால் மூடப்படுகின்றன. துர்மலே பொதுவாகக் கோடையின் தொடக்கத்திலிருந்து இலையுதிர்காலம் வரை திறந்திருக்கும். புறப்படுமுன் சாலை திறந்துள்ளதா என உறுதி செய்ய வேண்டும்.
* ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை செல்சியசு குறையும். அடிவாரத்தில் 30 பாகை எனில் துர்மலே உச்சியில் 21 பாகை அளவில் இருக்கும். வியர்வையில் நனைந்த உடையுடன் இறங்கும்போது குளிர் கடுமையாகும். கை விரைத்தால் பிரேக் பிடிக்க இயலாது. பழைய வீரர்கள் உச்சியில் செய்தித்தாளை வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டதும் இதற்காகவே. இக்காலத்தில் மெல்லிய காற்றுத்தடுப்பு மேலாடை போதும்.
* பல கணவாய்களில் ஒவ்வொரு கி.மீ.க்கும் ஒரு பலகை உள்ளது. உச்சிக்கு உள்ள தூரமும் அடுத்த கி.மீ.யின் சராசரிச் சரிவும் அதில் குறிக்கப்பட்டிருக்கும்.
* மேய்ச்சல் காலத்தில் ஆடு, மாடு, குதிரைகள் வேலியின்றித் திரியும். சுரங்கவழிகளிலும் அவை ஒதுங்கி நிற்கலாம். எனவே முன், பின் விளக்குகள் தேவை. வளைவுக்கு அப்பால் மந்தை இருக்கக்கூடும் என்றே கருதி இறங்க வேண்டும்.

மலைத்தொடர் முழுவதையும் கடக்க விரும்புவோருக்கு 'ரெய்ட் பிரனேயன்' என்னும் நெடும்பயணம் உள்ளது. அத்திலாந்திக் கரையிலுள்ள ஆந்தாயிலிருந்து மத்தியதரைக் கரையிலுள்ள செர்பேர் வரை சுமார் 720 கி.மீ. தூரத்தை 100 மணி நேரத்துக்குள் கடக்க வேண்டும். இது பந்தயமன்று, முதலிடம் என்பது இதில் இல்லை.